கத்தரி, சட்டை, டேப்பு, தீப்பெட்டி

சின்னண்ணன், நோயாளிங்களைப் பார்த்துக்கிற ஹோமுக்குப் போறேன்னு சொல்லிட்டான்னு எங்க அண்ணி வந்து சொன்னப்ப நான் நம்பல. அவன் சொன்னான்னு அவங்க சொல்றாங்க, அவ்வளவுதானே? அவனுக்கு நாக்கு அசையாது, கை அசையாது, கண்ணிமை ரெண்டு மட்டும் மேலயும் கீழயும் போகும். அந்த இமையைப் படிக்கத் தெரிஞ்ச ஆளு இந்த உலகத்துலேயே அண்ணி ஒருத்தர்தான். அவங்க என்ன வேணாலும் சொல்லிட்டு அவன் தலையில கட்டிடலாம். யாரு போய்க் கேட்கப்போறா?

நான் போய்க் கேட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனா எங்க அண்ணி யாரு, எப்படிப்பட்டவங்கன்னு சொல்லாம இதை ஆரம்பிச்சா தலையும் புரியாது, வாலும் புரியாது.

அண்ணிக்குத் தையல் வேலை. புதுசா தைக்கிறதில்ல, தைச்சதைத் திருத்துறது. ஒரு பெரிய கடைவளாகத்துல, தரைக்குக் கீழ்த்தளத்துல, வண்டி நிறுத்துற இடத்துக்குப் போற வழியில ஒரு சின்ன ஆல்டரேஷன் கடை. ஒரு மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, துணியை மாட்ட ஒரு கம்பி, கஸ்டமர் ஏறி நிக்க ஒரு மரப்பெட்டி. பேன்ட்டு நீளம்னா குறைக்கணும், இடுப்பு பத்தலன்னா பிரிச்சு விடணும், ஜிப்பு பல்லு போனா மாத்தணும். வர்றவங்க பெட்டி மேல ஏறி நிப்பாங்க. அண்ணி கீழ முட்டி போட்டு உட்கார்ந்து, உதட்டு நடுவுல குண்டூசியைக் கவ்விக்கிட்டு, ஒவ்வொண்ணா எடுத்துக் குத்துவாங்க. இவ்வளவு போதுமான்னு கண்ணாலதான் கேட்பாங்க.

கல்யாணமாகி வந்த புதுசுல எங்க அம்மா, "இவ வாயில என்ன கொழுக்கட்டையா?"ன்னு கேட்பாங்க. கொழுக்கட்டை இல்ல, குண்டூசி. வாழ்க்கை பூரா குண்டூசி வச்சே பழகிட்டதால, அது இல்லாத நேரத்துலயும் உதடு தானா மூடிக்கும்போல. எது கேட்டாலும் ஒரு 'ஊம்'. சாப்பாடு போடவா, ஊம். உடம்பு சரியில்லையா, ஊம். ஆமாங்கிற ஊம் எது, இல்லங்கிற ஊம் எதுன்னு சின்னண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்.

அவன் அதுக்கு நேர் எதிர். பிளம்பர். ஒரு வீட்டுக்குக் குழாய் அடைப்பு எடுக்கப் போனான்னா அந்த வீட்டு மாமியார் மருமக சண்டை வரைக்கும் தெரிஞ்சுக்கிட்டு வருவான். வந்ததும் கால் கழுவுறதுக்கு முன்னாடியே கதை ஆரம்பிச்சிடும். அவன் அளப்பான், அவங்க ஊம் கொட்டுவாங்க. பிள்ளைகுட்டி இல்லாத வீடு, இவன் ஒருத்தன் போட்ட சத்தத்துலயே நிறைஞ்சிருந்தது. எனக்குத் தீப்பெட்டின்னு பேர் வச்சதும் அவன்தான். உரசினா பத்திக்குவேனாம். இப்ப நான் வேலை பார்க்குற செருப்புக்கடையில கூட அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. யாரு போய்ச் சொன்னாங்கன்னு தெரியல, தெரிஞ்சா அவங்களைச் சும்மா விடமாட்டேன்.

ஒரு நாள் காலையில, யார் வீட்டுச் சமையலறையிலயோ, தொட்டிக்கு அடியில ஸ்பேனரோட படுத்தவன் படுத்தபடியே கிடந்திருக்கான். வேலை மும்முரத்துல இருக்கான்னு அந்த வீட்டம்மா நினைச்சிருக்காங்க. அவன் பேச்சுச் சத்தம் கேட்கலையேன்னுதான் அப்புறமா வந்து பார்த்தாங்களாம். மூளைக்குக் கீழ்ப்பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு. குழாய் அடைப்பு எடுக்கப் போனவனுக்கு. டாக்டர் எங்களை உட்கார வச்சு நிதானமா சொன்னார்: அறிவு முழுசா இருக்கு, எல்லாம் கேட்குது, எல்லாம் புரியுது, உடம்புக்கு மட்டும் உத்தரவு போகல, இமை மட்டும் தப்பிச்சிருக்கு. எனக்கு யாரையாவது அடிக்கணும்போல இருந்தது. அண்ணி "ஊம்"னாங்க. எழுந்து கடைக்குப் போனாங்க. யாரோ அவசரமா கேட்டிருந்த ரெண்டு பேன்ட்டை முடிச்சு, மடிச்சு வச்சுட்டுத் திரும்பி வந்தாங்க. சொந்தக்காரங்க எல்லாம் கல்லுன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

கொஞ்ச நாள் கழிச்சு, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு டீச்சரம்மா வார்டுக்கு வந்தாங்க. இமையை ஒரு தடவை மூடித் திறந்தா ஆமா, ரெண்டு தடவைன்னா இல்ல. அதோட, எழுத்துக் கூட்டிப் பேசவும் வழி இருக்குன்னாங்க. நாம எழுத்துகளை வரிசையா சொல்லணும், வேண்டிய எழுத்து வரும்போது அவன் இமையை மூடணும். கேட்க நல்லாத்தான் இருக்கு. நம்ம எழுத்து இருநூத்திச் சொச்சம். அத்தனையும் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நல்லா இருக்கிற மனுஷனே தூங்கிடுவான். டீச்சரம்மா அதுக்கும் ஒரு வழி வச்சிருந்தாங்க. முதல்ல வல்லினமா, மெல்லினமா, இடையினமான்னு கேட்கணும். அவன் ஒண்ணைக் காட்டினா அதுல இருக்கிறது வெறும் ஆறு எழுத்து, மூணும் இல்லன்னா உயிரெழுத்து. அப்புறம் காலா, கொம்பா, சுழியா, கீழ்வளைவா, புள்ளியான்னு கேட்டு உருவத்தை முடிக்கணும். எழுத்து எதுவும் மாட்டிக்காம தனியா நின்னா மொட்டை. பள்ளிக்கூடத்துல கசடதபறன்னு மனப்பாடம் பண்ணினது எதுக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

ஆனா வேற ஒரு சிக்கல். நா, ணா, னா. லா, ளா, ழா. சொல்றவங்க எப்படிச் சொன்னாலும், ஆஸ்பத்திரிச் சத்தத்துல எல்லாம் ஒண்ணாத்தான் காதுல விழுது. இலக்கணத்துல அதுகளுக்கு வேற பேரு இருக்குன்னாங்க டீச்சரம்மா. த-வோட சேர்ந்து நிக்கிறதால தந்நகரம், ட-வோட நிக்கிறதால டண்ணகரம், ற-வோட நிக்கிறதால றன்னகரம். பக்கத்துல யாரு நிக்கிறாங்களோ அவங்களை வச்சு ஒரு பேரு. எங்க அண்ணியைக் கூட அந்தத் தெருவுல எல்லாரும் பிளம்பர் சம்சாரம்னுதான் சொல்வாங்க, அந்த மாதிரி. பேரு என்னவோ சரிதான். ஆனா றன்னகரம்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவன் இமை அசந்துடும்.

அப்பதான் அண்ணி வாயைத் திறந்தாங்க. "வேற பேரு வச்சுக்கலாம்"னாங்க. அவங்க ஒரே மூச்சுல அவ்வளவு பேசி நான் கேட்டதில்ல.

அந்த வாரம் முழுக்கக் கட்டில் பக்கத்துல உட்கார்ந்து எழுத்துக்கெல்லாம் பேரு வச்சாங்க. இவங்க ஒரு சொல்லைச் சொல்லணும், அவன் இமையால சரிங்கணும், இல்லன்னா அடுத்தது. க-வுக்குக் கத்தரி, ஒரே தடவையில ஒத்துக்கிட்டான். ச-வுக்குச் சட்டை, ட-வுக்கு டேப்பு. இதெல்லாம் அண்ணி தொழில். ந-வுக்கு நட்டு, ப-வுக்குப் பைப்பு, ல-வுக்கு லீக்கு. இதெல்லாம் அவன் தொழில். த-வுக்குத் தட்டுன்னாங்க, தலையணைன்னாங்க, ரெண்டுக்கும் இல்லன்னான். நான் அந்த நேரம் பார்த்து, காப்பியில சர்க்கரை இல்லன்னு கேன்டீன்காரன்கிட்ட கத்திட்டு உள்ள வந்தேன். அவன் கண்ணு என் பக்கம் வந்தது. அண்ணி, "தீப்பெட்டியா?"ன்னாங்க. டக்குனு ஒரு மூடல். இப்படியாக ஒரு வல்லின எழுத்துக்கு என் பேரு.

ம-வுக்கு அண்ணி கொஞ்சம் வெட்கப்பட்டுக்கிட்டே மனைவின்னாங்க. இல்லன்னான். மனசு? இல்ல. கடைசியில மாமியாருக்கு ஆமான்னான். நர்ஸ் சிரிச்சிட்டாங்க, அண்ணிக்கும் சிரிப்பு வந்தது. ஒரு சொல்லுக்கும் முதல்ல வந்து நிக்காத எழுத்து இருக்கே, அதுக்குத்தான் ரொம்ப யோசிச்சாங்க. அதெல்லாம் வால் பக்கமா வர்ற சாதி. ற-வுக்குக் கயிறு, ன-வுக்கு மீன், ழ-வுக்கு மழை, ள-வுக்குத் தேள், ண-வுக்குக் கண்ணு. கண்ணு வேணும்னு அவன்தான் பிடிவாதமா நின்னான், வளையல்காரி, மூணு சுழின்னு அண்ணி என்னென்னவோ சொல்லிப் பார்த்தும்.

வ-வுக்குத்தான் பாதி நாள் ஆச்சு. வண்டி, இல்ல. வாளி, இல்ல. வாசல், இல்ல. வீடு, இல்ல. அண்ணி வாயில வந்ததெல்லாம் சொல்லி ஓஞ்சு போனப்பதான் கவனிச்சாங்க, அவன் கண்ணு பாத்ரூம் கதவுப் பக்கமே போய்ப் போய் வருது. உள்ள குழாய் சொட்டுச் சொட்டுன்னு ஒழுகிக்கிட்டிருக்கு. எத்தனை நாளா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே படுத்திருந்தானோ. "வாஷரா?"ன்னாங்க. அவன் இமையை மூடி, கொஞ்ச நேரம் திறக்கவே இல்ல. ஆஸ்பத்திரிக்காரங்களைக் கூப்பிட்டு, பழைய வாஷரை மாத்தச் சொன்னோம். பேச்சு நின்ன பிறகு எங்க சின்னண்ணன் இந்த உலகத்துக்குச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவனுக்கு அது போதும்னு தோணிச்சு, எங்களுக்கும் அன்னைக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஹால்ல கட்டில், வயித்துல டியூப், மணிக்கொரு தடவை புரட்டிப் போடணும். அண்ணி கடையை இன்னொருத்தர்கிட்ட விட்டுட்டு, மெஷினை மட்டும் தூக்கிக்கிட்டு வந்து கட்டில் பக்கத்துல போட்டுக்கிட்டாங்க. கால் மிதிக்கும், கை தைக்கும், வாய், "வல்லினமா, மெல்லினமா, இடையினமா"ன்னு கேட்டுக்கிட்டிருக்கும். ஊம் கொட்டின மனுஷி ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேச ஆரம்பிச்சாங்க.

ஞாயித்துக்கிழமை ஆனா ஆள் வந்துக்கிட்டே இருக்கும். எல்லாருக்கும் அவன்கிட்டயிருந்து ஏதாவது ஒரு சேதி இருக்கும். முந்தின நாளே சொல்லிவச்சிட்டார்னு அண்ணி சொல்வாங்க. எங்க பெரியண்ணன் படியேறி வந்தா, "மூச்சு வாங்குது பாருங்க, நடக்கச் சொல்றார் உங்களை"ன்னுவாங்க. அவர் கர்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, மறுநாளே நடக்கப் போயிடுவார். அவன்கூட வேலை பார்த்தவங்களுக்கு ஒரு கிண்டல், அவங்க சம்சாரங்களுக்கு ஒரு விசாரிப்பு. எனக்குச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. "நீ கத்துறது கீழ்வீடு வரைக்கும் கேட்குதாம். ஆனா நீ வந்தாத்தான் வீடு வீடா இருக்காம்." அதைக் கேட்டுட்டு நான் சமையலறைக்குள்ள போய் நின்னுக்கிட்டேன். அவன் நல்லா இருந்த காலத்துல ஒரு நாள் கூட எனக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல. அந்த வார்த்தையை நான் வச்சுப் பூட்டிக்கிட்டேன்.

அப்படியே ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடிச்சு. அண்ணி பாதியாயிட்டாங்க. உட்கார்ந்தபடியே தூங்குவாங்க, உட்கார்ந்தபடியே முழிப்பாங்க. ஒரு நாள் நான் பார்த்துக்கிட்டிருக்கும்போதே மெஷின் ஊசி அவங்க விரல்ல ஏறி இறங்கிடுச்சு. அவங்க "ஸ்"னு கூட சொல்லல. துணியில ரத்தம் பட்டிருக்கான்னு திருப்பிப் பார்த்தாங்க. விரலை ஒரு கந்தையில சுத்திக்கிட்டு மறுபடி மிதிச்சாங்க. வலிக்கலையா அண்ணின்னு கேட்டேன். தெரியலன்னாங்க. எனக்கும் அப்பெல்லாம் ஒண்ணும் தோணுறதில்ல. வந்தோமா, புரட்டினோமா, துடைச்சோமா, போனோமான்னு ஆயிப்போச்சு.

அந்த நிலைமையிலதான் ஒரு ஞாயித்துக்கிழமை, பெரியண்ணனும் நானும் இருக்கும்போது அண்ணி சொன்னாங்க, அவர் ஹோமுக்குப் போறேன்னு சொல்லிட்டார்னு. பெரியண்ணன் அவனுக்குச் சரின்னா நமக்கும் சரின்னு உடனே ஒத்துக்கிட்டார். தலைவலி விட்டாப் போதும்னு இருந்தவர்தானே. எனக்குப் பத்திக்கிச்சு. அவனைக் கைகழுவி விடப் பார்க்குறீங்களான்னு கேட்டேன். கடைவாசல்ல உட்காரவும் நாலு பேரைப் பார்க்கவும் ஆசை வந்துடுச்சா, இருந்தா நேரா சொல்லுங்க, எதுக்கு அவன் பேரைச் சொல்றீங்கன்னு இன்னும் என்னென்னவோ கேட்டேன்.

"அவர்தான் சொன்னார்"னாங்க அண்ணி.

அவன்கிட்டயே கேட்டுடணும்னு அன்னைக்கு முடிவு பண்ணினேன். என் லீவு நாள்ல நான் பார்த்துக்கிறேன், நீங்க கொஞ்சம் வெளிய போய்ட்டு வாங்க, அதுக்கு அந்த எழுத்துப் பேரெல்லாம் எனக்கும் சொல்லிக்கொடுங்கன்னு கேட்டேன். பசப்புதான். அண்ணிக்கு அது தெரிஞ்சிருக்கும்னுதான் நினைக்கிறேன். இஸ்திரி போட்டுக்கிட்டே ஒப்பிச்சாங்க. அதை அவங்க எங்கயும் எழுதி வச்சதில்ல. கத்தரி, சட்டை, டேப்பு, தீப்பெட்டி, பைப்பு, கயிறு. சங்கு, ஞாயிறு, கண்ணு, நட்டு, மாமியார், மீன். யானை, ரம்பம், லீக்கு, வாஷர், மழை, தேள். நான் செருப்புப் பெட்டி அடுக்கும்போதெல்லாம் அதையே முணுமுணுத்துக்கிட்டிருந்தேன். ஒரு அம்மா ஏழாம் நம்பர் கேட்டதுக்கு மாமியார் இல்லன்னு சொல்லிட்டேன். அவங்க எனக்கும் இல்லன்னு சொல்லிட்டு வேற கடைக்குப் போய்ட்டாங்க.

லீவு நாள் வந்தது. அண்ணி கடைப் பக்கம் கிளம்பிப் போனாங்க. நான் அவனுக்கு முகம் துடைச்சு, தலையணையைச் சரிபண்ணிட்டு, எதிர்ல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கண்ணு கூரையில இருந்தது. அண்ணா, என்னைப் பாருன்னேன். பார்த்தான்.

"ஹோமுக்குப் போறேன்னு நீ சொன்னியா?"

ஒரு மூடல்.

தெரியாம மூடியிருக்கலாம். மாத்திக் கேட்டேன், அண்ணி அப்படிச் சொல்லச் சொன்னாங்களான்னு. ரெண்டு மூடல். உன் சொந்தப் பேச்சான்னேன். ஒரு மூடல். போலீஸ்காரங்க மாதிரி முன்னயும் பின்னயும் திருப்பித் திருப்பிக் கேட்டேன். அவன் மாத்தவே இல்ல.

அண்ணியை அவ்வளவு பேசிட்டோமேன்னு இருந்தது. சமாதானமா ரெண்டு வார்த்தை சொல்லி முடிச்சிடலாம்னு, "சரி, போ. நான் அங்கயும் வருவேன். நான் வந்தாத்தான் வீடு வீடா இருக்குன்னு சொன்னவனாச்சே நீ"ன்னேன்.

ரெண்டு மூடல்.

வரவேண்டாமான்னேன். ரெண்டு மூடல். அப்ப எது இல்லங்கிற? அதைச் சொன்னது நீ இல்லையா?

ஒரு மூடல், நல்லா அழுத்தமா.

அப்புறம் ஒவ்வொண்ணா கேட்டேன். பெரியண்ணனை நடக்கச் சொன்னது? இல்ல. கூட்டாளிங்களைக் கிண்டல் பண்ணினது? இல்ல. அவங்க சம்சாரங்களை விசாரிச்சது? இல்ல. இந்த ரெண்டு வருஷத்துல எங்க எல்லாருக்கும் வந்த நல்ல வார்த்தை, எதையெல்லாம் நான் சத்தியம்னு நம்பினேனோ அத்தனையும் இல்ல. எதை ஒண்ணை நம்பாம சண்டைக்குப் போனேனோ, அது மட்டும் அவனுது.

ஏண்ணா பேசறதை நிறுத்திட்டன்னு கேட்டேன். கூரையைப் பார்த்தான். நான் விடல. வல்லினமா, மெல்லினமா, இடையினமா, உயிரான்னு ஆரம்பிச்சேன். உயிருக்கு மூடினான். அ-விலயே நின்னான். அடுத்தது இடையினம். யானை, ரம்பம், லீக்கு, அதுல நின்னான். காலா, கொம்பா, சுழியா, கீழ்வளைவா, அதுக்கு ஆமான்னான். அடுத்தது வல்லினம், பைப்பு, புள்ளி. மறுபடி பைப்பு, கீழ்வளைவு. நடுவுல இமை நின்னு நின்னு போச்சு, கண்ணோரம் தண்ணி வழிஞ்சது, அதை ரெண்டு தடவை துடைச்சுவிட்டேன். நாலு எழுத்துக்கு அடுப்புல வச்ச தண்ணி வத்தியே போச்சு.

அலுப்பு.

இன்னும் ஏதாவது வருமான்னு காத்திருந்தேன். அவன் கண்ணை மூடினான், திறக்கல. அவனுக்குப் பேச்சு முடிஞ்சதுன்னா அதுதான் அடையாளம். எனக்கு அழுகை வரல. கோபம் வந்திருக்கணும், அதுவும் வரல. எழுந்து போய் அடுப்பை அணைச்சேன், பாத்திரத்தைத் தேய்ச்சுக் கவிழ்த்தேன், அப்புறம் தேய்ச்ச பாத்திரத்தையே எடுத்து மறுபடி தேய்ச்சேன்.

அண்ணி வந்தாங்க. கை கழுவிட்டு நேரா கட்டிலுக்குப் போய் அவனைப் புரட்டினாங்க. நான் இந்தப் பக்கம் இடுப்பைத் தாங்கிக்கிட்டேன். அவன் முதுகுல பவுடர் தடவும்போதுதான் கேட்டேன், எப்பயிலிருந்து அண்ணி அவன் பேசறதில்லன்னு. அவங்க கை நிக்கல. வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்லயே நிறுத்திட்டார்னாங்க. தினமும் கேட்பேன், சுவத்தைப் பார்த்துக்குவார்னாங்க.

"அப்ப இத்தனை பேருக்கு இத்தனை சொன்னீங்களே?"

"ஒண்ணுமே சொல்லலன்னு சொன்னா, அடுத்த வாரம் யாரு வருவா?"

பெரியண்ணன் வந்திருக்கமாட்டார். கூட்டாளிங்க ஒரு மாசம் வந்திருப்பாங்க. நானே கூட வந்திருப்பேனான்னு என்னைக் கேட்டா, வந்திருப்பேன்னு அடிச்சுச் சொல்லமுடியாது.

அப்ப எனக்குச் சொன்னதுன்னு இழுத்தேன். அண்ணி பவுடர் டப்பாவை மூடினாங்க. "அது நான் நினைச்சது"ன்னாங்க.

எனக்கு அவங்க முகத்தைப் பார்க்க முடியல. அவன் முதுகைப் பார்த்துக்கிட்டே, ஹோம் விஷயம் எப்படி வந்ததுன்னு கேட்டேன். அன்னைக்கும் வழக்கம்போல வாய் பாட்டுக்குக் கேட்டிருக்காங்க. கேட்கிறது அவங்களுக்கே பழக்கமாயிடுச்சு, பதிலை எதிர்பார்த்து இல்ல. திடீர்னு இமை மூடியிருக்கு. மெஷினை நிறுத்திட்டு ஓடிப்போய்ப் பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க.

"ஆசையா எழுத்துக் கூட்டினேன்"னாங்க. "இவ்வளவு நாள் கழிச்சு என்னவோ சொல்லப்போறார்னு, ஒவ்வொரு எழுத்தா ஆசையா எடுத்தேன். போறேன்னு வந்தது. எங்கன்னு கேட்டேன். ஹோமான்னு நான்தான் கேட்டேன், ஆமான்னார்."

அதையும் மாத்திச் சொல்லியிருக்கலாமே அண்ணி, எங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்னேன். எனக்கு அப்ப அவன் மேல கோபம் வந்தது, இப்ப சொல்றதுக்கு என்ன. இவங்களை ரெண்டு வருஷம் சுவத்தைப் பார்க்க வச்சுட்டு, கடைசியில அலுப்பாம்.

"சொன்னதெல்லாம் நான். அவர் சொன்னது இது ஒண்ணு"ன்னாங்க அண்ணி. "இதையும் நானே மாத்திட்டா அப்புறம் அவருக்குன்னு என்ன இருக்கு?"

அவனைக் கொண்டுபோய் விட்டோம். சுத்தமான ரூம், ஜன்னல் பக்கம் கட்டில், பக்கத்துக் கட்டில்ல எப்பவும் ரேடியோ கேட்கிற ஒரு பெரியவர். அங்க வேலை பார்க்கிற பொண்ணுங்க நல்லவங்க. அவங்ககிட்ட எழுத்து அட்டை இருந்தது, பெரிய பெரிய எழுத்தா, கலர் கலரா. அதைக் காட்டிப் பேசவச்சிடுவோம்னாங்க. அண்ணி அவன் சட்டைக் காலரை நேர் பண்ணிவிட்டு, திரும்பிப் பார்க்காம நடந்தாங்க. பஸ்ல என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டாங்க. இறங்க வேண்டிய இடம் வந்தும் நான் எழுப்பல. கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போய்ட்டு அதே பஸ்ல திரும்பி வந்தோம்.

இப்ப அண்ணி மறுபடி கடையைத் திறந்துட்டாங்க. உதட்டுல குண்டூசியோட பேன்ட்டு நீளம் குறைக்கிறாங்க. சாயங்காலம் கடையை மூடிட்டு ஹோமுக்குப் போறாங்க, பக்கத்துல உட்கார்ந்து, வல்லினமா, மெல்லினமா, இடையினமான்னு ஒரு தடவை கேட்கிறாங்க, அவன் ஜன்னலைப் பார்க்கிறான், புரட்டிப் படுக்க வச்சிட்டு வீட்டுக்கு வர்றாங்க. நானும் ஞாயித்துக்கிழமை போறேன். அவன்கிட்ட ஒண்ணும் கேட்கிறதில்ல. நகம் வெட்டிவிடுறேன், காது துடைக்கிறேன், கடையில யாரோட சண்டைன்னு சொல்றேன்.

போன வாரம் என்னால போகமுடியல. கடையில தள்ளுபடி விற்பனை, முந்தின நாள் பூரா நின்னு நின்னு கால் ரெண்டும் வீங்கி, சொந்தக் கடைச் செருப்பே எனக்கு நுழையல. படுத்துக்கிட்டேன். சாயங்காலம் அண்ணி போன் பண்ணினாங்க.

"உங்க அண்ணன் உன்னைக் கேட்டார். கால் வீக்கம் வடிஞ்சுதான்னு."

அவங்க பின்னாடி அந்தப் பெரியவர் ரேடியோ பாடுறது கேட்டது. என் கால் வீங்கினது அவனுக்குத் தெரியாது. அண்ணிக்குத்தான் நான் காலையில சொல்லியிருந்தேன்.

"இன்னும் வடியல. ரொம்ப வலிக்குதுன்னு சொல்லுங்க அண்ணி"ன்னேன்.